போர்டு மாட்டறது ஒரு வேலை, டீ போடறது வேற வேலை: ஹோம் அசிஸ்டன்ட் சர்வீஸ் ஹேண்ட்லரை எங்க வைக்கணும்?

வீட்டு லைட், மோட்டரையெல்லாம் ஒரே எடத்துல இருந்து ஓட்டற மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். அதுல சொந்தமா கஸ்டம் காம்பொனன்ட், அதாவது ஒரு டிவைஸை அதோட சேக்கறதுக்கு நாமளே எழுதற கோடு, எழுத ஆரம்பிச்ச யாரைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு சர்வீஸ் போட்டுட்டேன் பாஸ்"னு ரொம்ப அசால்ட்டா சொல்லுவாங்க, ஆனா அந்த சர்வீஸ் எந்த ஃபைல்ல இருக்கு, எப்போ பதிவாகுது, ரெண்டாவதா ஒரு டிவைஸ் சேத்தா என்ன ஆகும்னு கேட்டா தலையைச் சொறிவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், எங்க மொட்டை மாடி டேங்க்ல தண்ணி வழிஞ்சு பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டற வரைக்கும். அந்தக் கதை கீழ வருது.

கொஞ்சம் பைத்தான் தெரியும், வீட்டுல ஹோம் அசிஸ்டன்ட் ஓடுது, சொந்தமா ஒரு டிவைஸை அதுல சேக்கணும்னு ஆசை, இவ்ளோ இருந்தா போதும். கோடுல வர்ற பேரெல்லாம் நான் காதுல விழற மாதிரியே எழுதறேன், நிஜ கோடுல அது இங்கிலீஷ் சின்ன எழுத்துல நடுநடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு இருக்கும், பாத்தா நீங்களே கண்டுபிடிச்சுருவீங்க.

## முதல்ல அந்த வார்த்தைக் குழப்பம்

லினக்ஸ்ல பின்னாடி ஓடிட்டே இருக்கிற புரோகிராமும் சர்வீஸ், கிளவுட் கம்பெனி மாசாமாசம் காசு வாங்கறதும் சர்வீஸ், வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏசிக்கு ஆள் வந்து பண்றதும் சர்வீஸ். ஹோம் அசிஸ்டன்ட்ல சொல்ற சர்வீஸுக்கும் இந்த மூணுக்கும் சம்பந்தமே கிடையாது. இங்க சர்வீஸ்னா பேர் வச்ச ஒரு கட்டளை, அவ்ளோதான். "லைட் டாட் டர்ன் ஆன்"னு பாத்திருப்பீங்களே, புள்ளிக்கு முன்னாடி இருக்கிறது டொமைன், அதாவது எந்தக் காம்பொனன்டோட கட்டளைங்கிறது, புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறது கட்டளையோட பேரு. யாராவது கூப்பிடாத வரைக்கும் அது எதையும் ஓட்டாது, சும்மா ஒரு பட்டியல்ல பேரா உக்காந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. 2013ல பாலஸ் ஷவுட்சன் ஆரம்பிச்ச இந்த புராஜெக்ட்ல ரொம்ப வருஷமா திரையில சர்வீஸ்னுதான் போட்டுட்டு இருந்தாங்க, 2024 ஆகஸ்ட் வெர்ஷன்ல அதை ஆக்‌ஷன்னு மாத்திட்டாங்க. ஆட்டோமேஷன் (இது நடந்தா அதைச் செய்னு எழுதி வைக்கிறது) எழுதற எடத்துலயும் ஆக்‌ஷன்தான், பழைய மாதிரி எழுதி வச்சிருந்தாலும் ஓடும். ஆனா உள்ள பைத்தான் கோடைத் திறந்தா இன்னும் சர்வீசஸ், சர்வீஸ் கால்னுதான் இருக்கு. அதனால ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாதீங்க. நான் கோடு பக்கம் நின்னு பேசறதால சர்வீஸ்னே சொல்றேன்.

## ஒரு டீக்கடையை மனசுல வச்சுக்கோங்க

தெருமுனைல ஒரு டீக்கடை. சுவத்துல போர்டு, டீ, காபி, பால், ராகி மால்ட்னு எழுதியிருக்கு. நீங்க போய் "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மி"ன்னு சொல்றீங்க, மாஸ்டர் போட்டுத் தர்றார்.

போர்டுல இருக்கிற "டீ"ங்கிற பேருதான் சர்வீஸ். "சக்கரை கம்மி" நீங்க கூட அனுப்பற டேட்டா. மாஸ்டரோட கை பண்ற வேலை இருக்கே, அந்த ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர். பேரையும் கையையும் சேத்துக் கட்டற வேலைக்குப் பேரு ரிஜிஸ்டர் பண்றது, கோடுல "ஏசிங்க் ரிஜிஸ்டர்"னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு டொமைன், பேரு, ஹேண்ட்லர், ஸ்கீமா நாலையும் குடுப்போம். (ஏசிங்க்னா யாரையும் ஏசச் சொல்லல, அது என்னன்னு கடைசில வரும்.)

ஸ்கீமாங்கிறது ஆர்டரைச் சரிபாக்கற விதி. நிமிஷம்னு ஒண்ணு கண்டிப்பா வேணும், அது 1லிருந்து 30க்குள்ள முழு எண்ணா இருக்கணும், இந்த மாதிரி. விதிக்கு ஒத்து வரலைன்னா ஹேண்ட்லர் வரைக்கும் போகாது, வாசல்லயே திருப்பி அனுப்பிடும்.

இங்கதான் நிறைய பேரு சறுக்கற எடம். காம்பொனன்ட் ஃபோல்டர்ல சர்வீசஸ் டாட் யாமல்னு ஒரு ஃபைல் வைப்போம், அதுலயும் நிமிஷம் 1லிருந்து 30 வரைன்னு எழுதுவோம், அதை வச்சு திரையில அழகா ஒரு ஸ்லைடர் வரும், உடனே "ஆஹா செக் பண்ணிடுச்சு"ன்னு நெனச்சுக்குவோம். அது எதையும் செக் பண்ணாது! அது சுவத்து போர்டு, பாக்கறதுக்கு மட்டும். ஆட்டோமேஷன்ல கைப்பட 300 நிமிஷம்னு எழுதி அனுப்பினா போர்டு தடுக்காது, பைத்தான்ல இருக்கிற ஸ்கீமா மட்டும்தான் தடுக்கும். ரெண்டுலயும் எழுதணும், போர் அடிச்சாலும் எழுதணும்.

இதுவரைக்கும் வந்தது: சர்வீஸ்னா பேரு, ஹேண்ட்லர்னா வேலை செய்யற ஃபங்ஷன், ஸ்கீமான்னா வாசல்ல நிக்கிற காவல், யாமல் ஃபைல் வெறும் போர்டு.

## தண்ணி வழிஞ்ச கதை

எங்க வீட்டுல சம்ப்ல இருந்து குடிதண்ணி டேங்குக்கு ஏத்த ஒரு மோட்டர். அதுக்கு வைஃபைல பேசற ஒரு சின்ன கன்ட்ரோலர், அதுக்குள்ளயே டைமர் இருக்கு, "10 நிமிஷம் ஓடு"ன்னு ஒரு தடவை சொல்லிட்டா அதுவே எண்ணி நிறுத்திடும். நடுவுல ஹோம் அசிஸ்டன்ட் படுத்துட்டாலும் மோட்டர் நின்னுரும், அதனாலதான் சும்மா ஸ்விட்ச் ஆன் ஆஃப் போதாதுன்னு "ரன் ஃபார்"னு தனியா ஒரு சர்வீஸ் எழுதினேன். நிமிஷம் மட்டும் கேக்கும். எந்த மோட்டர்னு கேக்காது, ஏன்னா எழுதும்போது இருந்ததே ஒரு மோட்டர்.

ஆறு மாசம் கழிச்சு போர் மோட்டருக்கும் அதே கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன், அது பாத்ரூம் டேங்குக்கு ஏத்தும். திரையில "இன்டக்ரேஷன் சேர்"னு போய் (திரையில காம்பொனன்டுக்கு இன்டக்ரேஷன்னு பேரு) ரெண்டாவதா சேத்தேன். இப்படி ஒவ்வொரு தடவை சேக்கும்போதும் உருவாகற பதிவுக்குப் பேரு கான்ஃபிக் என்ட்ரி, ஒரு கன்ட்ரோலருக்கு ஒரு என்ட்ரின்னு வச்சுக்கோங்க. அழகா ரெண்டும் வந்துச்சு, ஸ்விட்ச் ரெண்டும் தனித்தனியா வேலை செஞ்சுச்சு, நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா டாஷ்போர்டுல சம்ப் மோட்டர் 10 நிமிஷம் பட்டனை அமுக்கினாங்க. குடிதண்ணி டேங்க் நெறையல. திருப்பி அமுக்கினாங்க. அதுக்கும் நெறையல, மூணாவது தடவை அமுக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்துட்டாங்க, பாத்ரூம் டேங்க் வழிஞ்சு அவங்க துணி காயப்போட்ட கொடி மேல ஊத்திட்டு இருந்துச்சு.

நடந்தது இதுதான். ஹேண்ட்லரை நான் "ஏசிங்க் செட்டப் என்ட்ரி"ங்கிற ஃபங்ஷனுக்கு உள்ளயே எழுதி வச்சிருந்தேன், அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு தடவை ஓடும். உள்ள இருக்கிற ஹேண்ட்லர் அந்த என்ட்ரியோட கன்ட்ரோலரைக் கையில புடிச்சுக்கும். முதல் என்ட்ரி ஓடினப்போ "ரன் ஃபார்"ங்கிற பேருல சம்ப் மோட்டரைப் புடிச்ச ஹேண்ட்லர் பதிவாச்சு, ரெண்டாவது ஓடினப்போ அதே பேருல போர் மோட்டரைப் புடிச்ச ஹேண்ட்லர் பதிவாச்சு. ஒரே பேருல ரெண்டாவது தடவை பதிஞ்சா ஹோம் அசிஸ்டன்ட் ஒரு வார்த்தை கூட முணுமுணுக்காது, பழசை எடுத்துட்டு புதுசை வச்சுரும். எது கடைசில வந்துச்சோ அதுக்குத்தான் ராஜ்யம்.

இதுல கொடுமை என்னன்னா என்ட்ரிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல செட்டப் ஆகும், எந்த கன்ட்ரோலர் மெதுவா பதில் சொல்லுதோ அது கடைசில பதியும். அதனால ரீஸ்டார்ட் பண்ணப்போ ஒரு நாள் சரியா ஓடும், இன்னொரு நாள் மாறி ஓடும். சரி, போர் மோட்டர் என்ட்ரியை தூக்கிட்டுப் பாப்போம்னு தூக்கினேன், சர்வீஸே காணோம். என்ட்ரியைத் தூக்கும்போது நடக்கற அன்லோட்ல சர்வீஸை நீக்கற வரியை நானே எழுதி வச்சிருந்தேன், சம்ப் மோட்டர் இன்னும் உயிரோட இருக்கேங்கிற யோசனை அந்த வரிக்கு இல்ல.

## போர்டை எப்போ மாட்டணும்

டீக்கடைக்கே வாங்க. பால் காலைல அஞ்சு மணிக்கு வரும். ஒரு நாள் பால் வண்டி லேட்டு. நீங்க போய் டீ கேட்டா "பால் இன்னும் வரல சார், அரை மணி கழிச்சு வாங்க"ன்னா அது நல்ல கடை. "டீயா? அப்படின்னா என்ன?"ன்னு கேட்டா? செட்டப் என்ட்ரிக்குள்ள சர்வீஸை பதியற காம்பொனன்ட் ரெண்டாவது கடை.

எப்படின்னா, கரன்ட் போயிட்டு வருது, ஹோம் அசிஸ்டன்ட் எழுந்துருச்சு, வைஃபை ரவுட்டர் இன்னும் முழிக்கல. கன்ட்ரோலர் கிடைக்கலைன்னு என்ட்ரியோட செட்டப் பாதிலயே நின்னுரும், அப்புறமா மறுபடி முயற்சி பண்ணும். அந்த இடைவெளில சர்வீஸ் பட்டியல்லயே இல்ல. உங்க ஆட்டோமேஷன் கூப்பிட்டா "அப்படி ஒரு ஆக்‌ஷன் கிடையாது"ங்கிற அர்த்தத்துல ஒரு பிழை வரும், பாக்கறவங்க "நான்தான் ஸ்பெல்லிங் தப்பா எழுதிட்டேனோ"ன்னு ஒரு மணி நேரம் தேடுவாங்க.

அதனால சர்வீஸை பதிய வேண்டிய எடம் "ஏசிங்க் செட்டப்", பின்னாடி என்ட்ரிங்கிற வால் இல்லாதது. அது காம்பொனன்டுக்கே மொத்தமா ஒரு தடவைதான் ஓடும், எத்தனை என்ட்ரி இருந்தாலும். கடை கட்டும்போதே போர்டு மாட்டற மாதிரி. பால் வந்துச்சா இல்லையாங்கிறதை ஒவ்வொரு ஆர்டருக்கும் மாஸ்டர் பாத்துக்குவார். ஹோம் அசிஸ்டன்டோட அதிகாரபூர்வ தர அளவுகோல்ல வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம்னு நாலு படி இருக்கு, இந்த விதி முதல் படியான வெண்கலத்துலயே இருக்கு. கஸ்டம் காம்பொனன்டை யாரும் வந்து மார்க் போடப்போறதில்ல, ஆனா அங்க எழுதியிருக்கிறது பூரா யாரோ பட்ட அடி.

அப்போ ஹேண்ட்லருக்கு எந்த மோட்டர்னு எப்படித் தெரியும்? கூப்பிடறவங்க சொல்லணும். டேட்டாவுல கான்ஃபிக் என்ட்ரி ஐடின்னு ஒரு ஃபீல்டு வைங்க. அந்த ஐடி நீளமா வாய்ல நுழையாத எழுத்துக் கோர்வை, ஆனா யாமல் ஃபைல்ல அந்த ஃபீல்டுக்கு "கான்ஃபிக் என்ட்ரி செலக்டர்" போட்டுட்டா திரையில பேர் பட்டியலா வரும், அம்மா "போர் மோட்டர்"னு தேர்ந்தெடுத்தா போதும். ஹேண்ட்லர் அந்த ஐடியை வச்சு என்ட்ரியைத் தேடும், அப்படி ஒண்ணு இல்லையா, சொல்லிடும், இருக்கு ஆனா லோட் ஆகலையா, அதையும் சொல்லிடும், ரெண்டும் தாண்டினா அந்த என்ட்ரியோட "ரன்டைம் டேட்டா"ல (ஓடும்போது என்ட்ரி கூடவே வச்சுக்கற எடம்) வச்சிருக்கிற கன்ட்ரோலரை எடுத்து வேலையைச் சொல்லும். அன்லோட்ல சர்வீஸை நீக்கற வரியை அழிச்சிருங்க, இனி தேவைப்படாது.

சின்னதா திரும்பிப் பாத்தா: பதியறது ஒரே தடவை, என்ட்ரிக்கு வெளிய. எந்த டிவைஸ்ங்கிறதை ஹேண்ட்லர் முன்கூட்டியே புடிச்சு வச்சுக்கக் கூடாது, கூப்பிடற நேரத்துல தேடி எடுக்கணும்.

## ஃபைலைப் பிரிக்கிறது

ஆரம்பத்துல எல்லாமே காம்பொனன்டோட முதல் ஃபைலான இனிட் ஃபைல்லதான் கிடக்கும், என்னோடதும் அப்படித்தான், 400 வரி. இப்போ சர்வீஸ் சம்பந்தமான எல்லாத்தையும் சர்வீசஸ் டாட் பைன்னு தனி ஃபைலுக்கு மாத்திட்டேன். பேரு, ஸ்கீமா, ஹேண்ட்லர் எல்லாம் அங்க. கடைசில "ஏசிங்க் செட்டப் சர்வீசஸ்"னு ஒரு ஃபங்ஷன், அது எல்லாத்தையும் பதியும், இனிட் ஃபைல் அதை ஒரே வரில கூப்பிடும். ஹோம் அசிஸ்டன்டோட கூடவே வர்ற காம்பொனன்ட்கள்லயும் நிறைய இப்படித்தான் இருக்கு, அதனால உங்க கோடைப் படிக்க வர்றவங்களுக்கு எங்க தேடணும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

ஒரு சர்வீஸுக்கு ஒரு ஹேண்ட்லர். ஒரே ஃபங்ஷனை அஞ்சு பேருக்கும் கட்டிவிட்டு உள்ள இஃப் எல்ஸ் போட்டு பிரிக்கிறவங்க இருக்காங்க, அது எழுதின அன்னிக்கு சூப்பரா இருக்கும், ஆறாவது சேக்கும்போது கண்ணு கட்டும். ஹேண்ட்லருக்குள்ள பெரிய லாஜிக்கும் வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம். டேட்டாவை எடு, என்ட்ரியைத் தேடு, கன்ட்ரோலர் கிளாஸோட ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடு, தப்பு வந்தா மொழிபெயர்த்துச் சொல்லு. பத்து பதினஞ்சு வரி. கன்ட்ரோலர்கிட்ட என்ன பாக்கெட் அனுப்பணும்ங்கிற கதையெல்லாம் ஹேண்ட்லருக்குத் தெரியவே கூடாது.

## அது சரி, உண்மையிலயே சர்வீஸ் வேணுமா?

இதை யாரும் கேக்கறதே இல்ல. ஸ்விட்ச், லைட், சென்சார்னு திரையில தனித்தனியா தெரியுதே, அது ஒவ்வொண்ணும் ஒரு என்டிட்டி. என்டிட்டிகளுக்கு ஏற்கனவே சர்வீஸ் இருக்கு. ஒரு எண்ணை மாத்தணுமா, நம்பர் என்டிட்டி வைங்க. ஒரு தடவை அமுக்கற வேலையா, பட்டன் என்டிட்டி. இதுக்கெல்லாம் சொந்தமா சர்வீஸ் எழுதினா வீண் வேலை, அதுக்கு மேல டாஷ்போர்டுல வைக்கணும்னா பட்டனை நாமளே தனியா கட்டணும்.

அப்படியும் மிச்சம் இருந்தா ரெண்டு வழி. கட்டளை ஒரு குறிப்பிட்ட என்டிட்டிக்குன்னா என்டிட்டி சர்வீஸ். அதுல நீங்க ஐடியெல்லாம் தேட வேண்டாம், கூப்பிடறவங்க "இந்த ஸ்விட்ச்"னு காட்டுவாங்க, ஏன், ஒரு ரூமையே காட்டலாம், ஹோம் அசிஸ்டன்டே அதுல இருக்கிற உங்க என்டிட்டிகளைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொண்ணோட ஃபங்ஷனையும் கூப்பிடும். நியாயமா என்னோட "ரன் ஃபார்" இப்படித்தான் இருந்திருக்கணும், இப்போ மாத்திட்டேன். இந்த வகையை ஸ்விட்ச் மாதிரியான பிளாட்ஃபார்ம் ஃபைலோட செட்டப்ல பதியறது ரொம்ப நாள் வழக்கம், அங்க அதே பேரை மறுபடி பதிஞ்சாலும் எந்த என்டிட்டிங்கிறதை கூப்பிடறப்போதான் பாக்கும், அதனால மோட்டர் மாறி ஓடாது.

கட்டளை மொத்த டிவைஸுக்கோ அக்கவுன்டுக்கோன்னா மேல சொன்ன மாதிரி என்ட்ரி ஐடி கேக்கற சர்வீஸ். "போன வாரம் மோட்டர் எப்பெப்போ ஓடுச்சுன்னு குடு"ங்கிற மாதிரி. இதுக்கு பதில் திரும்பி வரணும்ல, 2023 ஜூலை வெர்ஷன்ல இருந்து சர்வீஸ் பதில் தரவும் முடியும், பதியும்போதே பதில் தருமா, தராதா, பதிலுக்காக மட்டும்தானான்னு சொல்லிடணும், பதிலா அனுப்பறது டிக்‌ஷனரியா இருக்கணும்.

## பால் தீந்துபோறதும் பரோட்டா கேக்கறதும்

டீக்கடைல போய் பரோட்டா கேட்டா அது கேக்கறவர் தப்பு. டீ கேட்டு பால் தீந்துபோச்சுன்னா அது கடைப் பிரச்சனை. ஹோம் அசிஸ்டன்ட்ல இதுக்கு தனித்தனி எக்செப்ஷன் இருக்கு. இல்லாத என்ட்ரியைக் கேட்டா, தப்பா பயன்படுத்தினா "சர்வீஸ் வேலிடேஷன் எரர்". டிவைஸ் பதில் சொல்லல, நெட்வொர்க் போச்சுன்னா "ஹோம் அசிஸ்டன்ட் எரர்". ரெண்டுலயும் திரையில உங்க மெசேஜ் தெரியும், முதலாவதுல லாக்ல நீளநீளமா பைத்தான் கோடு கொட்டாது.

எதைப் பண்ணவே கூடாதுன்னா, எக்செப்ஷனைப் புடிச்சு லாக்ல ஒரு வரி எழுதிட்டு நைசா முடிச்சுக்கிறது. அப்போ கூப்பிட்ட ஆட்டோமேஷனுக்கு எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னுதான் தெரியும், அது அடுத்த ஸ்டெப்புக்குப் போய் "டேங்க் நெறைஞ்சாச்சு"ன்னு அம்மா ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பிடும். மோட்டர் ஓடியே இருக்காது.

## மாஸ்டரை நிக்க வைக்காதீங்க

நம்ம டீக்கடைல ஒரே மாஸ்டர்தான். பால் கொதிக்கிற வரைக்கும் அவர் அடுப்பையே பாத்துட்டு நிக்க மாட்டார், அந்த நேரத்துல நாலு கிளாஸ் கழுவி ரெண்டு பேருக்கு ஆத்திக் குடுத்துருவார். ஹோம் அசிஸ்டன்டும் பெரும்பாலும் இப்படி ஒரே ஆள்தான், அந்த ஆளுக்குப் பேரு ஈவன்ட் லூப். "நான் காத்துட்டு இருக்கேன், நீ போய் வேற வேலை பாரு"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஃபங்ஷன்தான் ஏசிங்க் ஃபங்ஷன்.

ஏசிங்க் ஹேண்ட்லருக்குள்ள சாதாரண டைம் ஸ்லீப் போட்டாலோ, பதில் வர்ற வரைக்கும் நகராத பழைய நெட்வொர்க் லைப்ரரியை நேரா கூப்பிட்டாலோ மாஸ்டர் அடுப்பு முன்னாடி சிலையா நின்னுருவார், ஹால்ல லைட் போடறதுக்கு அமுக்கினாலும் எரியாது, ஏன்னா அதுக்கும் அதே ஆள்தான். இப்போ வர்ற வெர்ஷன்கள் இதுல சிலதைக் கண்டுபிடிச்சு லாக்ல எச்சரிக்கும். பழைய லைப்ரரியைத்தான் பயன்படுத்தியாகணும்னா "ஏசிங்க் ஆட் எக்சிக்யூட்டர் ஜாப்"னு ஒண்ணு இருக்கு, கிளாஸ் கழுவற பையன் மாதிரி, அந்த வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளி விட்டுரும்.

எழுதி முடிச்சதும் நான் பண்ற சோதனை ஒண்ணே ஒண்ணு. கன்ட்ரோலரோட பிளக்கைப் புடுங்கிட்டு ஹோம் அசிஸ்டன்டை ரீஸ்டார்ட் பண்ணுவேன், டெவலப்பர் டூல்ஸ்ல ஆக்‌ஷன் பக்கம் போய் அந்த ஓட்ட வரலாறு கேக்கற சர்வீஸ் பட்டியல்ல இருக்கான்னு பாப்பேன். இருக்கணும். கூப்பிடுவேன். "சம்ப் மோட்டர் கன்ட்ரோலர் இன்னும் கிடைக்கல, வைஃபையைப் பாருங்க"ன்னு சிவப்புல வரணும். போன வாரம் அந்த மெசேஜைப் பாத்துட்டு அம்மா என்னைக் கூப்பிடவே இல்ல, நேரா போய் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வந்து "உன் மோட்டர் ஓடுதுடா"ன்னாங்க.